வலிக்காத கை

“இன்னும் கொஞ்சம் குனி. வெளிச்சம் படல.”

“விடுக்கா. எரியுது.”

“நான் தொடவே இல்ல, பாக்கத்தான் செய்யறேன். எந்தக் கையால பிடிச்சான்?”

“எந்தக் கைன்னு பாக்க என் முதுகுல கண்ணா இருக்கு?”

பெரியவள் சிரிக்கவில்லை. மேசை விளக்கின் கழுத்தை வளைத்துத் தங்கையின் பின்னங்கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். செல்கள் வளர்க்கும் அந்தச் சிறிய அறையில் இருந்த ஒரே முக்காலியில் சின்னவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு கால் வெறுங்கால். அதன் பெருவிரலில் நகம் பெயர்ந்து ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. காலையில் புருஷன் கையிலிருந்து தப்பி, விடுமுறை நாளின் ஆளில்லாத தெருக்கள் வழியாக ஓடி வந்து, அக்கா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் பின்கதவைத் தட்டியிருந்தாள். விடுமுறையோ திருவிழாவோ, இன்றைக்கு அக்கா இங்கேதான் இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

கழுத்தில் இரண்டு தடங்கள் இருந்தன. மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், வலது பக்கம் உருண்டையாக ஒன்று, அது கட்டைவிரல். இடது பக்கம் நீளவாக்கில் ஒன்று. அது மடக்கிய ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு. நடுவில் தோல் சுத்தமாக இருந்தது. கோபத்தில் கண்மண் தெரியாமல் நெரித்த கை இப்படிப் பிடிக்காது. இது பழகிய பிடி. எங்கே எலும்பு எலும்போடு சேர்கிறது என்று தெரிந்து பிடித்த பிடி.

இந்தப் பிடியைப் பெரியவள் இதே கட்டிடத்தில் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்து மெச்சியும் இருக்கிறாள்.

தங்கையின் புருஷனுக்கு இங்கே எலிக்காரன் என்று பெயர். கீழ்த்தளத்தில் சோதனை எலிகளை வளர்க்கும் பகுதி அவன் பொறுப்பு. மற்றவர்கள் கூண்டைத் திறந்தால் மூலைக்கு ஓடி ஒண்டும் எலிகள் அவன் கையை மோப்பம் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஊசி போடப் போய்க் கடிபட்டு வந்த மாணவர்கள் எல்லோரும் கடைசியில் அவனிடம்தான் போய் நிற்பார்கள். சோதனை முடிந்து எலியைக் கொல்ல வேண்டிய நாளிலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மண்டைக்குப் பின்னால் போய் உட்காரும். மறுகை வாலைப் பிடிக்கும். ஒரே இழுப்பு. எலிக்கே தெரியாது. மற்றவர்கள் கையில் கீச்சிட்டுச் சாகும் அந்தச் சின்ன உயிர், அவன் கையில் தூங்குகிற மாதிரி கிடக்கும்.

அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. ஆளை எடை போடக் கையைப் பார்ப்பார்கள். திரவத்தை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டைப் பிடிக்கையில் கட்டைவிரல் நடுங்குகிறதா, சுழல் இயந்திரத்தின் மூடியை அறைந்து சாத்துகிறானா, கண்ணாடித் தட்டை வைக்கையில் சத்தம் வருகிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, இவன் நல்லவன், இவன் அவசரக்காரன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பெரியவளுக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியே இருந்தது. தங்கைக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில் அவள் அவனுடைய சம்பளத்தைக் கேட்கவில்லை, குடும்பத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. ஓர் எலியையே இப்படிப் பிடிக்கிறவன் நம்ம பிள்ளையைப் பூ மாதிரி வைத்துக்கொள்வான் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னாள். அம்மா நம்பினாள். சின்னவளும் நம்பினாள், அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்து எதையும் தப்பாகப் பார்த்ததில்லையே.

“ஏதாவது சொன்னானா, பிடிச்சப்ப?”

சின்னவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

“துடிக்காம இரு, ஒரே இழுப்புத்தான், வலிக்காதுன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. குழந்தைக்கு ஊசி போடறவங்க சொல்ற மாதிரி.”

“அப்புறம்?”

“இன்னொரு கையால தலைமுடியைக் கொத்தாப் பிடிச்சாரு.”

மீதியை அவள் விட்டு விட்டுச் சொன்னாள். காலையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். ஈரம் காய்வதற்குள் அவன் நடந்து வந்து வழுக்கி விழுந்தானாம். அதற்குத்தான் ஆரம்பித்தது. வாளியைத் தூக்கி அவள் முதுகில் அடித்தான், வயிற்றில் உதைத்தான். பிறகு நிதானமாகி, கையைத் துடைத்துக்கொண்டு, கழுத்தைப் பிடித்தான். இழுக்கக் காலை ஊன்றியபோது அதே தண்ணீரில் மறுபடியும் வழுக்கினான். அப்படித்தான் கழுத்து அவன் கையிலிருந்து விடுபட்டது. “வழுக்கினதுக்கு அடிச்சாரு, வழுக்கினதால பொழைச்சேன்” என்றபோது சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போலீசுக்கு முன்பே ஒரு தடவை போயிருந்தார்கள். அங்கே அவன் கைகட்டி நின்று, கண்கலங்கி, எல்லாருக்கும் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, பெண்டாட்டியைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இந்தத் தடவை பெரியவள் வேறு ஏற்பாடு செய்தாள். தூரத்து ஊரில் அவளோடு படித்த சிநேகிதி ஒருத்தி இருந்தாள். மதியம் ரயில். ரயிலில் ஏற்றிவிட்டால் போதும். அதுவரை தங்கை அவன் கண்ணில் படக்கூடாது. பட்டால், அடுத்த இழுப்புக்குத் தரை ஈரமாக இருக்காது.

“உள்ள தாழ்ப்பா போட்டுக்க. நான் குரல் குடுத்தாலும் திறக்காத. நானே வந்து மூணு விரலால சுரண்டினா திற.”

“எலி மாதிரியா?”

“எலி மாதிரிதான்.”

அவள் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த நைட்ரஜன் அறைக்குப் போனாள்.

இடுப்புயரத்துக்கு ஓர் எஃகுத் தொட்டி அங்கே இருந்தது. உள்ளே திரவ நைட்ரஜன். தொட்ட விரல் கண்ணாடியாக உடைந்துபோகிற குளிர். அந்தக் குளிருக்குள் சுண்டுவிரல் அளவு குப்பிகளில் செல்கள் உறைந்து கிடந்தன. எங்கெங்கோ யார் யார் உடம்பிலிருந்தோ எடுத்து, ஊட்டி வளர்த்து, பிரித்து, உறைய வைத்து அவள் சேர்த்தவை. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நாள் தவறாமல் ஊற்றி நிரப்பாவிட்டால் அத்தனையும் செத்துப்போகும். அதனால்தான் அவளுக்கு விடுமுறை கிடையாது. அதனால்தான் மாணவர்கள் அவளுக்குத் தாய்க்கோழி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அறையின் சுவரில் காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் அலறும் கருவி ஒன்று மாட்டியிருந்தது. அது காரணமில்லாமலும் அலறும். ஒருநாள் பொறுமை போய் அதிலிருந்த பேட்டரியைக் கழற்றித் தாழ்வாரத்துக் கடிகாரத்தில் போட்டவளும் தாய்க்கோழிதான். அதற்குப் பதிலாக அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. நிரப்பும்போது கதவடியில் ஒரு மரக்கட்டையைச் செருகித் திறந்து வைப்பார்கள். வெளிச் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி, காற்றை வெளியேற்றும் விசிறியைப் போடுவார்கள். நைட்ரஜனுக்கு மணம் இல்லை, எரிச்சல் இல்லை, மூச்சு முட்டாது. நல்ல காற்று போய்விட்டது என்பதே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவான். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் இதைச் சொல்வாள். வெள்ளைப் புகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வெறும் நீராவி. கண்ணுக்குத் தெரியாததற்குப் பயப்படுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். தூக்கப் போனவரும் பக்கத்தில் விழுவார். முதலில் விசிறி, அப்புறம் கதவு, அப்புறம்தான் ஆள்.

இன்றைக்கு மரக்கட்டையைச் செருகினாள். விசிறியைப் போடவில்லை. அது அரவை இயந்திரம் போல இரையும். யாராவது படியேறி வந்தால் காதில் விழ வேண்டும்.

பெரிய உருளையிலிருந்து வந்த இரும்புக் குழாயின் முனையைத் தொட்டியின் வாயில் இறக்கி, திருகைத் திறந்தாள். தொட்டி சீறியது. அந்தச் சீறலில்தான் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் போனது.

“வேலையா இருக்கீங்களாக்கா?”

அவன் வாசலில் நின்றான். குளித்து, தலை வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்துக் காட்டினான். ஒற்றைச் செருப்பு.

“ஒத்தைச் செருப்போட கிளம்பி வந்துட்டா. ரோடெல்லாம் கண்ணாடிச் சில்லு. கால்ல ஏறினா என்னாகும்?”

“இங்க வரலியே.”

“வந்திருக்கா. பின்வாசப் படியில ரத்தம் இருக்கு. பெருவிரல், இல்லையா?” அவன் குரல் உயரவே இல்லை. “கூப்பிடுங்க. வீட்டுக்குப் போறோம்.”

அவள் மறுபடியும் இல்லை என்றாள். அவன் உள்ளே வந்து செருப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு அடி எடுத்து வைத்து, புறங்கையால் அவள் முகத்தில் அறைந்தான். மூக்குத்தண்டு உடைகிற சத்தத்தை அவள் வெளியிலிருந்து கேட்பது போலக் கேட்டாள். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. கையில் கிடைத்த குறடால் அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். அவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். அவசரமே இல்லாமல், மூடியைத் திருகித் திறப்பது போல. உள்ளே ஏதோ நழுவியது. வலது கை அவளுடையதாக இல்லாமல் தொங்கியது.

“கூப்பிடுங்கக்கா.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் சின்னவள் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவாள். அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு முடியை விட்டு, விரல்களைக் கீழே இறக்கினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மண்டைக்குப் பின்னால் வந்து, வழி தெரிந்த ஆள் போல உட்கார்ந்தன. எவ்வளவு மெதுவான கை. அவள் உடம்பு முழுவதும் அசையாமல் நின்றுவிட்டது. எலிகள் ஏன் சும்மா இருக்கின்றன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவை அவனை நம்பி உட்காரவில்லை.

“உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன்” என்று காதருகில் சொன்னான். “எனக்கு என் பொண்டாட்டி வேணும். அவ்வளவுதான்.”

அவள் முதுகால் முட்டித் தள்ளினாள். இருவரும் உருளையின் மேல் சாய்ந்தார்கள். குழாய் தொட்டியின் வாயிலிருந்து எகிறி, தரையில் பாம்பு போலப் புரண்டு, திரவத்தைப் பீய்ச்சியது. முழங்கால் வரை வெண்புகை எழுந்தது. அவன் அவளைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தான். புகைக்குள் முகம் புதைந்து கிடந்தபோது அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. வலி கொஞ்சம் தூரமாகப் போனது. வலி குறைவது எதற்கு அறிகுறி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“உன் புள்ளைங்க எல்லாம் இதுக்குள்ளதான இருக்கு?”

அவன் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தான். பாதி திறந்திருந்த மூடியைத் தூக்கி எறிந்தான். நீண்ட கைப்பிடியில் தொங்கும் குப்பிக் கூடை ஒன்றை வெளியே இழுத்துச் சுவரில் அடித்தான். குப்பிகள் கோலிகளாகச் சிதறின. குளிர் விட்டதும் ஒன்றிரண்டு பட்பட்டென்று வெடித்தன. “கூப்பிடு. இல்லன்னா ஒண்ணொண்ணா எடுக்கறேன்.” மரியாதை போய்விட்டதை அவள் கவனித்தாள். இரண்டாவது கூடை. அவனுக்கு மூச்சு வாங்கியது. வாங்க வாங்க இன்னும் ஆழமாக இழுத்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விசிறி ஓடவில்லை, வெளியே வா. அவ்வளவுதான். வகுப்பில் எத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தை. அவள் மூச்சை அடக்கி, இடது கையை ஊன்றி, தரையோடு தரையாக வாசலை நோக்கி ஊர்ந்தாள். நிலையைத் தாண்டித் தாழ்வாரத்தில் விழுந்தபோது அவள் குதிகாலில் மரக்கட்டை பட்டது. தானாகப் பட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். படவில்லை. அவள் தேடித்தான் உதைத்தாள். கட்டை தாழ்வாரத்தில் சறுக்கிக்கொண்டு போனது. கதவு தன் பாட்டுக்கு மெதுவாக வந்து, மெத்தென்று சாத்திக்கொண்டது.

உள்ளிருந்து திறக்கப் பூட்டு எதுவும் இல்லை. கைப்பிடியை அழுத்தினால் போதும். வெளியிலிருந்துதான் அடையாள அட்டை வேண்டும். அவன் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, கதவிலிருந்த சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அவன் மூன்றாவது கூடையைக் கையில் வைத்திருந்தான். அதை எதற்கு எடுத்தோம் என்று மறந்துபோனவன் மாதிரி பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ நல்ல வேடிக்கை சொன்னது போல, தோள் குலுங்கச் சிரித்தான். கூடை நழுவியது. தொட்டியின் விளிம்பில் கையை வைத்தான். கை சரியாக வைக்க வரவில்லை. கதவைப் பார்த்தான், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தான், அக்கா என்று உதடு அசைந்தது போலிருந்தது. ஒரு கால் மடங்கியது. விளையாட்டுக்கு உட்காருகிறவன் போல உட்கார்ந்தான். அப்புறம் பக்கவாட்டில் சரிந்தான். வெண்புகை அவன் மேல் மூடி, விலகி, மூடியது. அவன் கொண்டுவந்த ஒற்றைச் செருப்பு முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

பெரியவள் திரும்பிச் சுவரில் முதுகைச் சாய்த்தாள். முதுகுத்தண்டில் ஏதோ உறுத்தியது. விசிறியின் சுவிட்ச்.

“அக்கா.”

கூடை சுவரில் மோதிய சத்தத்துக்குச் சின்னவள் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருந்தாள். தாழ்வாரத்தில் நொண்டி நொண்டி வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து, தொங்குகிற கையைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானையால் ரத்தத்தைத் துடைக்க வந்தாள். அப்போதுதான் கண்ணாடி வழியே உள்ளே கண் போனது.

அவள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்து நின்றாள். குனிந்த கழுத்தில் அந்த இரண்டு தடங்களும் இப்போது இன்னும் கறுத்திருந்தன. பெரியவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செத்துட்டாரா?”

“இன்னும் இல்ல.”

சின்னவள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

“கார்டைக் குடு.”

“உள்ள போனா நீயும் அவன் பக்கத்துல விழுவ. அங்க காத்து இல்ல.”

“நீ போ. உனக்குத்தான் தெரியுமே.”

“நானும் விழுவேன்.”

அதில் பொய் இல்லை. ஆனால் அது முழுசும் இல்லை என்பது சின்னவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மதியச் சாப்பாடு கொண்டுவரும் நாட்களில், அக்கா புதியவர்களுக்குப் பாடம் சொல்வதைத் தாழ்வாரத்தில் நின்று கேட்டிருக்கிறாள். முதலில் எது, அப்புறம் எது என்று அவளுக்கும் மனப்பாடம். அவள் கண் அக்காவின் தோளைத் தாண்டி, சுவரில், முதுகு மறைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றது. கையை நீட்டினாள். அக்கா விலகவில்லை. தள்ளவும் இல்லை. ரத்தம் சொட்டுகிற முகத்தோடு அப்படியே நின்றாள். நீட்டிய கை பாதியில் இறங்கிவிட்டது.

“எல்லாம் எனக்காகத்தான் பண்ற. தெரியுது” என்றாள் சின்னவள். “காலையில என் கழுத்து அவரு கையில இருந்துச்சு. அதுவும் மறக்கல.”

ரயிலுக்கு நேரமாகிறது என்று பெரியவள் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

சின்னவள் மறுபடியும் கண்ணாடிக்குத் திரும்பினாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது, உள்ளங்கையால் துடைத்தாள். புகைக்குள் அந்தக் கை மல்லாந்து கிடந்தது. மெல்லிய, சுத்தமான, நகம் வெட்டிய கை.

“விரல் ஆடுதுக்கா.”

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுவிட்சின் முனை முதுகெலும்பின் ஒரு கணுவில் சரியாகப் பொருந்தியிருந்தது.

“நான் உள்ள போகல. சத்தியமா போகல. கதவும் திறக்க வேணாம். ஃபேனையாவது போடுக்கா.”